பிந்தி வந்த இடது கை

நாங்கள் நாலு பேர் சேர்ந்து ஜாஸ் வாசிக்கிறோம் என்று முதன்முதலில் சொன்னபோது, எங்கள் ஸ்டாஃப் ரூமில் ஒருவர், "லிஃப்ட்டுல போடுவாங்களே, அதுவா டீச்சர்?" என்று கேட்டார். கொஞ்ச நாள் மாய்ந்து மாய்ந்து விளக்கிக்கொண்டிருந்தேன். பிறகு, "ஆமா, அதேதான்" என்று சொல்லிவிட்டு டிபன் பாக்ஸைத் திறக்கப் பழகிக்கொண்டேன். தாம்பரத்தில் பன்னிரண்டாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிற ஒருத்தி, சனிக்கிழமையானால் பேஸ் கிடாரை முதுகில் மாட்டிக்கொண்டு ஸ்கூட்டரில் பள்ளிக்கரணைக்குப் போகிறாள் என்பதே அவர்களுக்குப் போதுமான வேடிக்கை. இப்போது யாரும் அதைப் பற்றிக் கேட்பதில்லை. நடந்தது அரைகுறையாக அவர்கள் காதுக்கும் போயிருக்கிறது.

நாலு பேர் யார் யார் என்று சொல்லிவிடுகிறேன். பியானோ வாசிப்பவரை நான் அண்ணா என்று கூப்பிடுவேன். ஐம்பது வயது, இன்ஷூரன்ஸ் ஆபீஸில் வேலை, ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் ஆர்கன். நாங்கள் வாசிக்கிற எல்லாவற்றையும் எழுதுகிறவர் அவர்தான். சாக்ஸபோன், சுருக்கமாக சாக்ஸ், வாசிப்பவர் அவரோடு ஒரே பெஞ்சில் படித்தவர், ரயில்வேக்காரர், இளமையில் கல்யாண பேண்டில் வாசித்து மூச்சைப் பெருக்கிக்கொண்டவர். அவர்கள் ஒருவருக்கொருவர் மச்சான். டிரம்ஸுக்கு சிறுசேரியில் சாஃப்ட்வேர் கம்பெனியில் இருக்கிற ஒருவர். இரண்டு பிள்ளைகளுக்கு அப்பா. மேனேஜரை நினைத்துக்கொண்டுதான் அடிக்கிறேன் என்பார். நாலாவது ஆள் நான். கோபக்காரி என்று பெயர். அது பொய்யில்லை.

பியானோ அண்ணா வீட்டு மாடியில் இருந்தது. சதுப்பு நிலத்தை ஒட்டிய கடைசித் தெரு. ஜன்னலைத் திறந்தால் கோரைப் புல்லும் தண்ணீரும்தான். காற்று திரும்பினால் குப்பை எரிகிற வாடை வரும். மழைக்காலத்தில் தண்ணீர் தெருமுனை வரை வந்து நின்றுகொண்டிருக்கும். நாங்கள் வாசிக்க வாசிக்க, அது எவ்வளவு ஏறியிருக்கிறது என்று அண்ணாவின் மனைவி பால்கனியிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போவார். அவரை நான் அக்கா என்பேன்.

எங்கள் இசையில் பாதி எழுதியது, பாதி எழுதாதது. அண்ணா தாளில் ஸ்வரங்களை வரிசையாக எழுதிக்கொண்டே வருவார். நடுவில் ஓர் இடத்தில் ஸ்கேல் வைத்து, பென்சிலால் ஒரு பெட்டி போடுவார். பெட்டிக்குள் ஒன்றும் இருக்காது. பெட்டி வருகிற வரைக்கும் ஒரு புள்ளி பிசகக் கூடாது. பிசகினால் மறுபடி முதலிலிருந்து. பெட்டிக்குள் போய்விட்டால் தாளம் இல்லை, மெட்டு இல்லை, எவர் எதை வேண்டுமானாலும் வாசிக்கலாம்.

ஆனால் பெட்டிக்கும் விதிகள் உண்டு. உள்ளே போனதும் எல்லோரும் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். ஒருத்தர் முகத்தைப் பார்த்து இன்னொருத்தர் வாசிக்கக் கூடாது. யார் கையிலிருந்தாவது தப்பு விழுந்தால், மற்ற மூன்று பேரும் அதைப் பிடித்து மூன்று தடவை திருப்பி வாசிக்க வேண்டும். மூன்றாவது தடவை அது தப்பாக இருக்காது, மெட்டாகியிருக்கும். வெளியே வர ஒரே வழிதான். பியானோவின் அடிப்பகுதியில் அண்ணா இடது கையால் நாலு ஸ்வரம் வாசிப்பார். அது கேட்கிற வரை யாரும் நிறுத்தக் கூடாது. முடிந்த பிறகு, அந்த இடத்தில் என்ன ஆச்சு என்று யாரும் யாரையும் கேட்கவும் கூடாது.

நல்ல விதிகள்தான். இப்போதும் அப்படித்தான் சொல்வேன். தப்பு பண்ணிவிடுவோமோ என்று பயந்து பயந்தே வளர்ந்த நாலு பேருக்கு அந்தப் பெட்டி எவ்வளவு பெரிய விஷயம் என்று சொன்னால் புரியாது. சாக்ஸ்காரர் அதற்குள் அழுதிருக்கிறார். நான் ஒருமுறை என் ஹெட்மிஸ்ட்ரஸை அதற்குள் வைத்து முக்கால் மணி நேரம் திட்டினேன், ஒரே ஒரு கம்பியில்.

எழுதிய பகுதியில் என் வேலை வேறு. அண்ணாவின் இடது கை எதை வாசிக்கிறதோ, அதையேதான் என் பேஸும் வாசிக்கும். ஸ்வரத்துக்கு ஸ்வரம் ஒன்றாக. பதினோரு வருஷம் அப்படி வாசித்திருக்கிறேன். அந்தக் கை எப்போது விழும் என்று எனக்குத் தெரியும். அது விழுவதற்கு முன்னால் அவர் மூச்சை இழுப்பது எனக்குக் கேட்கும். என் வீட்டுக்காரர் இருமுவதைக் கூட நான் இவ்வளவு கவனமாகக் கேட்டதில்லை.

அதனால்தான் முதல் சனிக்கிழமையே எனக்குத் தெரிந்துவிட்டது. ஊருக்குள் ஒரு சின்ன ஹாலில் வாசிக்க ஒப்புக்கொண்டிருந்தோம், அதற்கு ஒரு மாதம்கூட இல்லை. புதிதாக எழுதியதை எடுத்தோம். எட்டாவது வரியில் அண்ணாவின் இடது கை பிந்தி வந்தது. ஒரு மயிரிழை. நான் முன்னால் போய்விட்டேனோ என்று நினைத்தேன். இரண்டாவது தடவை வாசித்தபோதும் அதே மாதிரி. வலது கை சரியான இடத்தில் விழுகிறது, இடது கை கதவருகே ஒரு நொடி நின்றுவிட்டு உள்ளே வருகிறது.

டிரம்ஸ்காரர் இப்படிப் பிந்தியிருந்தால் வாயில் வந்ததைச் சொல்லியிருப்பேன். "தூக்கமா? மூஞ்சியக் கழுவிட்டு வாங்க" என்று எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். அண்ணாவிடம் வாய் வரவில்லை. மூன்றாவது தடவை அந்த இடம் வந்தபோது, நான் என் விரலைக் கொஞ்சம் பிடித்து வைத்துக்கொண்டேன். அவரோடு சேர்ந்தே பிந்தினேன். பிரமாதமாகச் சேர்ந்துவிட்டது. வாசித்து முடித்ததும் டிரம்ஸ்காரர் என்னிடம், "அக்கா, இன்னிக்கு அண்ணாவும் நீங்களும் செம டைட்!" என்றார். அண்ணா திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தார். நானும் சிரித்தேன்.

அன்று பெட்டிக்குள் அவர் இடது கையிலிருந்து ஒரு ஸ்வரம் தவறி, இருக்கக் கூடாத இடத்தில் விழுந்தது. விதிப்படி நான் அதை மூன்று தடவை வாசித்தேன். சாக்ஸ் அதைப் பிடித்து நீட்டியது. அப்படி ஒரு பெட்டி அதுவரை எங்களுக்கு அமைந்ததில்லை.

இரண்டாவது சனிக்கிழமை மழை பிடித்துக்கொண்டது. நான் ரெயின்கோட்டை உதறிவிட்டு மாடிப்படி ஏறும்போது, நாலாவது படியில் ஒற்றைச் செருப்பு கிடந்தது. அண்ணாவின் இடது கால் செருப்பு. மேலே அவர் ஒரு காலில் மட்டும் செருப்போடு உட்கார்ந்து தாள்களை அடுக்கிக்கொண்டிருந்தார். அது கழன்றதே அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. எடுத்துக்கொண்டு போய்க் கதவோரம் வைத்தேன். "அட, அது எங்க போச்சுன்னு பாத்தேன்" என்றார். அவர் தேடவே இல்லை என்பது எனக்குத் தெரியும்.

வாசிக்கும்போது பிந்துதல் கூடியிருந்தது. போன வாரம் ஒரு வரியில் வந்தது, இந்த வாரம் எல்லா வரியிலும் வந்தது. நானும் எல்லா வரியிலும் பிந்தினேன். கேட்பதற்கு அலாதியாக இருந்தது. பாட்டு முழுக்க யாரோ ஒரு காலை இழுத்துக்கொண்டு நடக்கிற மாதிரி ஒரு கனம். "அண்ணா லெஃப்ட் ஹேண்ட் வேற லெவல்!" என்று டிரம்ஸ்காரர் குதித்தார். சாக்ஸ்காரர், "இன்னா மச்சான், வயசாக வயசாகத்தான் உனுக்கு சூடு புடிக்குது போல கீதே" என்றார். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கும் அது பிடித்திருந்தது. பதினோரு வருஷத்தில் நாங்கள் இவ்வளவு நன்றாக வாசித்ததில்லை. அந்த ஹாலில் இதை வாசிக்க வேண்டும், இது நின்றுவிடக் கூடாது என்று ஆசைப்பட்டேன். ஆசை என்று சொன்னால் போதாது. பேராசை.

கிளம்பும்போது படியில் கேட்டேன். "அண்ணா, கை ஏதாச்சும் வலிக்குதா?"

"ஏன் கேக்கிற?"

"சும்மாதான்."

அண்ணா என் முகத்தைப் பார்த்துக் கேட்டார். "நல்லாத்தான போகுது?"

"சூப்பரா போகுது அண்ணா" என்றேன்.

வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் மழை. மேடவாக்கத்தில் மெட்ரோவுக்குத் தோண்டிய பள்ளத்தைச் சுற்றித் தண்ணீர் தேங்கி, ரோடு எது குழி எது என்று தெரியவில்லை. ஸ்கூட்டரை உருட்டிக்கொண்டே போனேன். அக்காவுக்கு ஒரு போன் போட்டுச் சொல்லலாமா என்று இரண்டு தடவை தோன்றியது. என்னவென்று சொல்வது? உங்கள் வீட்டுக்காரர் மயிரிழை பிந்துகிறார் என்றா? எழுதியதைப் பிந்தி வாசிப்பதெல்லாம் ஒரு வியாதியா என்று என்னை நானே மடக்கிக்கொண்டேன். கணக்கு டீச்சர் அல்லவா, மடக்குவதற்குச் சொல்லியா தர வேண்டும்?

மூன்றாவது சனிக்கிழமை காலை ஒன்பதரைக்கு ஆரம்பித்தோம். முதல் தடவை சும்மா கை பழக வாசித்தோம், யாரும் ரெக்கார்ட் செய்யவில்லை. அண்ணா அன்று அரை பீட், அதாவது பாதித் தாளத்தட்டு, பிந்தினார். அரை பீட் என்பது வெளி ஆளுக்குச் சின்னதாகத் தெரியலாம். எங்களுக்கு அது ஒரு ஆள் நுழைகிற இடைவெளி. அவருடைய இடது கை விரல்கள் பியானோக் கட்டையைத் தேடுவதை ஓரக்கண்ணால் பார்த்தேன். சட்டையில் ஒரு பட்டன் மாறிப் போட்டிருந்தது. நான் அரை பீட் பின்னால் போய் அவர் கையோடு சேர்ந்துகொண்டேன். டிரம்ஸ்காரர் இரண்டு வரி தடுமாறிவிட்டு, இதுதான் போலிருக்கிறது என்று எங்கள் பின்னால் வந்துவிட்டார். எல்லோரும் சேர்ந்து பிந்திவிட்டால் பிந்துதல் என்று ஒன்று இல்லை. அது எவ்வளவு பயங்கரமான விஷயம் என்று அப்போது தோன்றவில்லை. சாமர்த்தியம் என்றுதான் நினைத்தேன்.

டீ குடித்தோம், அரட்டை அடித்தோம், டிரம்ஸ்காரர் ஒரு ஆபீஸ் போன் பேசி முடித்துவிட்டு வந்தார். பன்னிரண்டு மணிக்கு அவர் தன் போனைப் பியானோ மேல் வைத்து ரெக்கார்ட் பட்டனைத் தட்டினார். கீழே அக்கா சமைக்கிற வாசனை வந்துகொண்டிருந்தது. வெளியே வெளிச்சம் மங்கி, சதுப்பு நிலத்தில் ஒரு பறவை கூட இல்லை. எழுதிய பகுதியை ஒரு பிசிறும் இல்லாமல் வாசித்து முடித்தோம். பெட்டி வந்தது. கண்ணை மூடிக்கொண்டோம்.

முதலில் எல்லாம் வழக்கம் போலத்தான். பிறகு இடது கைச் சத்தம் குறைந்துகொண்டே வந்தது. இங்கொன்று, அங்கொன்று. திடீரென்று பியானோவின் அடிப்பகுதியில் ஏழெட்டுக் கட்டைகள் ஒன்றாக அமுங்கின. தொம்மென்று ஒரு சத்தம். அண்ணா இதுவரை அப்படி அடித்ததில்லை. தப்பா, வேண்டுமென்றே செய்ததா என்று நாங்கள் யோசிக்கவில்லை, யோசிக்கக் கூடாது என்பதுதானே விதி. டிரம்ஸ்காரர் பெரிய டிரம்மில் அதை மூன்று தடவை அடித்தார். நான் அடிக்கம்பியில் உள்ளங்கையால் மூன்று தடவை அடித்தேன். தொம். தொம். தொம். நன்றாக இருக்கிறது என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

அது அவர் கை செத்து விழுந்த சத்தம்.

வலது கை மட்டும் போய்க்கொண்டிருந்தது. மேலே, சின்னச் சின்னதாக. இடது கை வரவில்லை. அடடா, எவ்வளவு இடம் விட்டுத் தருகிறார் என்று நினைத்து அந்த இடத்தையெல்லாம் நான் நிரப்பினேன். வெளியே வருவதற்கான நாலு ஸ்வரம் இப்போது வரும், இப்போது வரும் என்று காத்துக்கொண்டே வாசித்தோம். வரவில்லை. விரல் எரிந்தது. பத்து நிமிஷம் போயிருக்கும், இருபதும் போயிருக்கலாம், பெட்டிக்குள் கடிகாரம் கிடையாது. ஏதோ ஒரு கட்டத்தில் எனக்குப் பயம் வந்தது. எதற்கென்று தெரியாத பயம். அப்போதும் கண்ணைத் திறக்கவில்லை.

சாக்ஸ் நின்றது. மூச்சு வாங்க நின்றவர், விதியை மீறிக் கண்ணைத் திறந்திருக்கிறார். "மச்சான்" என்றார். பிறகு சத்தமாக, "மச்சான்!" பெட்டிக்குள் குரலும் கொடுக்கலாம்; யார் வேண்டுமானாலும் கத்தலாம், பேசலாம். நான் அந்தக் கூப்பாட்டைப் பிடித்து பேஸில் மூன்று தடவை திருப்பி வாசித்தேன். ஐயோ, வாசித்தேனே! டிரம்ஸும் கூடவே வாசித்தது.

"டேய், நிறுத்துங்கடா! கண்ணத் தொறங்கடா!" என்று சாக்ஸ்காரர் அலறியபோதுதான் திறந்தேன்.

அண்ணா ஸ்டூலில் இடது பக்கமாகச் சரிந்து, பியானோ மேல் சாய்ந்திருந்தார். இடது கை தொடைக்கும் கீழே தொங்கியது. வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது. வலது கை இன்னும் மூன்று கட்டைகளைத் தட்டிக்கொண்டிருந்தது.

டிரம்ஸ்காரர் காரை எடுத்தார். பின் சீட்டில் அக்கா மடியில் அண்ணாவின் தலை. சாக்ஸ்காரர் முன்னால் உட்கார்ந்து ஜன்னல் வழியாகக் கையை நீட்டி, "வழி வுடு, வழி வுடுப்பா" என்று வழியெல்லாம் கத்திக்கொண்டு வந்தார். நான் பின்னால் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு அண்ணாவின் காலைப் பிடித்திருந்தேன். தோண்டிப்போட்ட ரோட்டில் கார் குதிக்கும்போதெல்லாம் அவர் ஏதோ சொல்ல முயன்றார். குழறிய சத்தம்தான் வந்தது.

ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தார்கள். மணி இரண்டே கால் இருக்கும், சின்ன வயது டாக்டரம்மா ஒருத்தர் வராந்தாவுக்கு வந்தார். பக்கவாதம், மூளைக்குப் போகிற ரத்தக் குழாயில் ரத்தக்கட்டி அடைத்திருக்கிறது, ரத்தக் கசிவு இல்லை என்றார். "கட்டியக் கரைக்க ஒரு ஊசி இருக்கு. ஆரம்பிச்சு நாலரை மணி நேரத்துக்குள்ள போடணும். அதுக்கு மேல போட்டா உள்ள ரத்தம் கசிஞ்சு உயிருக்கே ஆபத்தாயிடலாம். கடைசியா இவர் நல்லா இருந்ததை யார் பாத்தீங்க? எத்தனை மணிக்கு? குத்துமதிப்பா சொல்லாதீங்க."

அக்கா, "காலைல இட்லி சாப்பிட்டாரே டாக்டர், நல்லாத்தான் இருந்தார்" என்றார். அது எட்டு மணி, நாலரை மணி நேரம் எப்போதோ தாண்டிவிட்டது. போதாது.

டிரம்ஸ்காரர் போனை எடுத்தார். "டாக்டர், பன்னெண்டு மணிக்கு வாசிச்சது இருக்கு. டைமோட இருக்கு."

வராந்தாவில் நின்றுகொண்டு அதைப் போட்டார். சக்கர நாற்காலிகளும் சொந்தக்காரர்களும் போய்வந்துகொண்டிருக்க, அந்தச் சின்னப் போனிலிருந்து எங்கள் பாட்டு வந்தது. அண்ணாவின் இடது கையும் என் பேஸும் ஒன்றாக, ஒரே ஆள் வாசிக்கிற மாதிரி. "இதான் டாக்டர் அண்ணா லெஃப்ட் ஹேண்ட். கூட வர்றது அக்கா பேஸ். கரெக்டா சேர்ந்து வருது பாருங்க. இந்தக் கையில அப்போ ஒரு ப்ராப்ளமும் இல்ல" என்றார். சாக்ஸ்காரரும், "ஆமா டாக்டர், ஜோரா வாசிச்சான்" என்றார்.

"அப்போ பன்னெண்டு மணிக்கு ரெண்டு கையும் நார்மல். டைம் இருக்கு" என்று டாக்டரம்மா திரும்பினார். அக்கா, "ஸ்தோத்திரம் ஆண்டவரே" என்று கண்ணை மூடினார்.

அந்த ரெக்கார்டிங்கில் பொய் இருக்கிறது என்று உலகத்தில் யாராலும் கண்டுபிடிக்க முடியாது. அவ்வளவு ஒழுங்காக நான் மூடியிருந்தேன். நான் பேசாமல் இருந்தால் ஊசி போடுவார்கள். போட்டால் கை திரும்பலாம், அல்லது ஆளே போய்விடலாம். வாயைத் திறந்தால் ஊசி இல்லை. டாக்டரம்மா கதவில் கை வைத்துவிட்டார்.

"டாக்டர், அது தப்பு" என்றேன். அவர் காதில் விழவில்லை. மறுபடி சொன்னேன். "காலைல ஒன்பதரைக்கே அவர் கை லேட்டா வந்துது. நான் அவருக்காக லேட்டா வாசிச்சேன். அதான் சேர்ந்து கேக்குது. மூணு வாரமா அப்படித்தான்."

"மூணு வாரமாவா? நடுவுல சரியாச்சா?"

"இல்ல. வாரா வாரம் கூடிக்கிட்டே போச்சு."

டாக்டரம்மா உள்ளே போய்ப் பெரிய டாக்டரோடு பேசினார். திரும்பி வந்து, ஊசி போட முடியாது, வேறு மருந்து கொடுத்துப் பார்க்கிறோம் என்றார். அவர் என்னைத் திட்டவில்லை. சொன்னது நல்லது என்றுகூட ஒரு வார்த்தை சொன்னார். எனக்கு அது ஏறவில்லை.

சாக்ஸ்காரர் என்னை விட்டு இரண்டு நாற்காலி தள்ளி உட்கார்ந்தார். "இன்னா டீச்சரம்மா, வாயை மூடிகினு இருந்தா இன்னா கொறஞ்சிருக்கும்?" என்றார். அக்கா கத்தவில்லை. என் பக்கம் திரும்பி, மெதுவாகக் கேட்டார். "உனக்குத் தெரியும். மூணு வாரமா உனக்குத் தெரியும். என்கிட்ட சொல்லணும்னு உனக்குத் தோணவே இல்லையா?"

இரண்டு தடவை தோன்றியிருந்தது.

அண்ணா பிழைத்துக்கொண்டார். பேச்சு கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பியது. கால் தடியோடு நடக்கிற அளவுக்கு வந்தது. இடது கை வரவே இல்லை. இதையெல்லாம் டிரம்ஸ்காரர் வாட்ஸ்அப்பில் அனுப்பித்தான் தெரிந்துகொண்டேன். ஹாலில் வேறு யாரோ வாசித்தார்கள். அக்கா என் போனை எடுக்கவில்லை. நான் பேஸை உறையை விட்டு வெளியே எடுக்கவில்லை. பள்ளியில் பிள்ளைகள் மேல் எரிந்து எரிந்து விழுந்தேன். ஒரு பெண் போர்டில் ஸ்டெப்பை விட்டுவிட்டுப் போடுகிறாள், பக்கத்தில் இருப்பவள் பார்த்துக்கொண்டே சும்மா இருக்கிறாள். பார்த்தவளை நிற்க வைத்துத் திட்டினேன். அவளுக்கு ஏன் என்று புரியவில்லை.

மூன்று மாதம் கழித்து அக்காவே கூப்பிட்டார். "உன்னை வரச் சொல்றார்" என்றார். அவ்வளவுதான், போனை வைத்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போனேன். மாடி பூட்டியிருந்தது. கீழே ஹாலில், ஜன்னலோரம் நாற்காலி போட்டு அண்ணா உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு தலையணை, அதன் மேல் இடது கையை யாரோ எடுத்து வைத்திருந்தார்கள். இளைத்துப் போயிருந்தார். என்னைப் பார்த்ததும் முகத்தில் பாதி மட்டும் சிரித்தது. அக்கா சமையலறை வாசலில் நின்றார், உள்ளே வா என்று சொல்லவில்லை, வராதே என்றும் சொல்லவில்லை.

நான் உட்கார்ந்ததும் அழுதுவிட்டேன். "அண்ணா, நான் அப்பவே சொல்லியிருக்கணும்" என்றேன்.

"சீ, பைத்தியம்" என்றார். வார்த்தைகள் ஒவ்வொன்றாக, நடுவில் மூச்சு வாங்கிக்கொண்டு வந்தன. "டிரம்ஸ் சொன்னான், நீ உன்னையே போட்டுக் கொன்னுக்கிறன்னு. அதுக்குத்தான் கூப்பிட்டேன். உன் மேல ஒரு தப்பும் இல்ல. யாராலயும் கண்டுபுடிச்சிருக்க முடியாது."

நான் அக்காவைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆஸ்பத்திரி வராந்தாவில் நான் சொன்னதை அக்கா அவரிடம் சொல்லவில்லை என்று அப்போதுதான் புரிந்தது.

"எனக்கே சந்தேகமா இருந்துது" என்றார் அண்ணா. "கை மரத்த மாதிரி. இவகிட்ட சொன்னா பயப்படுவா. டாக்டர்கிட்ட போலாமான்னு யோசிச்சேன். அப்புறம் நெனச்சேன், எதுக்கு டாக்டர்? சனிக்கிழமை உன்கூட வாசிச்சுப் பாத்தா தெரிஞ்சிடப் போகுது. கை லேட்டா வந்தா உன் பேஸ் முன்னாடி போயிடும். பதினோரு வருஷமா நீ நகர்ந்ததே இல்லையே."

அவர் நிறுத்தி மூச்சு வாங்கினார். எனக்கு ஆறுதல் சொல்கிற சந்தோஷம் அந்த முகத்தின் பாதியில் தெரிந்தது.

"மூணு வாரமும் பாத்தேன். உன்கூட கரெக்டா சேர்ந்துதான் போச்சு. அப்புறம் என்னத்துக்கு டாக்டர்னு விட்டுட்டேன். அன்னிக்குத் திடீர்னு வந்ததுதான் இது. அதுக்கு நீ என்ன பண்ணுவ?"

அக்கா வாசலில் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார். அவர் எனக்குச் சாதகமாகவும் ஒன்றும் செய்யவில்லை, எதிராகவும் ஒன்றும் செய்யவில்லை. பார்த்துக்கொண்டு நின்றார், அவ்வளவுதான். சரி அண்ணா என்று தலையாட்டிவிட்டு எழுந்து வந்திருக்கலாம்.

"நீங்க சேர்ந்து வரல அண்ணா" என்றேன். "நான்தான் பின்னாடி வந்தேன். மூணு வாரமும்."

அவர் என்னைப் பார்க்கவில்லை. தலையணை மேல் இருந்த கையைப் பார்த்தார்.

"எவ்வளவு?" என்று கேட்டார்.

"கடைசி வாரம் அரை பீட்."

"அவ்வளவா" என்றார்.